வெல்டிங் பழகுவது குலத்தொழிலுக்குத் திரும்புவதா?

நாயுடுபுரத்தில் நம் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய மகேந்திரா ஜீப்பை வாங்கிப் போட்டிருக்கிறோம். இன்ஜின் ஓடுகிறது, பாடிதான் போய்விட்டது. 7,000 அடி உயரத்தில், பனியும் சாரலும் விடாத ஊரில் தகரம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கால்மிதியைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. நாமே வெட்டி, பத்தவைத்து, தட்டி எடுப்போம் என்று முடிவு செய்த அன்று, படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, கைவேலையில இருந்து வெளிய வரத்தானே நம்ம தாத்தா காலத்துல இருந்து பாடுபட்டாங்க? நீங்க திரும்ப சுத்தியலைக் கையில குடுக்குறீங்களே?"

நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை நாம் மறக்கவில்லை. பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயர் வைத்து மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டு கழித்து 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குடும்பத்தில் வழிவழியாகச் செய்து வருகிறவர்களுக்கு உதவி, 18 வயதிலேயே சேரலாம் என்றது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் செருப்புத் தைக்க உட்கார வைக்கும் திட்டத்தை வேறு என்ன சொல்ல? இந்த வடிவத்தில் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு சொன்னது சரிதான்.

ஆனால் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த 18இல் வெல்டிங் இல்லை. இருக்கவும் முடியாது. மின்சாரத்தோடு வந்த தொழில் அது, எந்தச் சாதிக்கும் எழுதிவைத்த தொழில் அல்ல. நம் தாத்தா கையில் யாரும் ஹோல்டரைக் கொடுக்கவில்லை. மலமள்ளும் வாளியையும் பறையையும் மண்வெட்டியையும்தான் கொடுத்தார்கள். வெல்டிங் பழகுவது எதற்கும் திரும்புவது அல்ல. நமக்குத் திறக்காத ஒரு கதவைத் தள்ளிப் பார்ப்பது.

கதவு திறக்கவில்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை. சட்டத்தில் எந்தத் தடையும் கிடையாது. அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், இடஒதுக்கீடு உண்டு. ஆனால் டிங்கரிங் வேலை பெரும்பாலும் ஐடிஐயில் பழகுவதில்லை, பட்டறையில் பழகுவது. பட்டறைக்குள் மச்சான் மகன் வருவான், அக்கா மகன் வருவான். நாங்கள் ஓரிடத்தில் "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து வேலை பழகிக்கிறோம்" என்று கேட்டபோது முதல் கேள்வி "எந்தத் தெரு?" என்பதுதான். தெருவைச் சொன்னோம். "இடமில்லையே தம்பி" என்றார்கள். கடைசியில் சொல்லிக்கொடுக்க வந்தவர், ஆயுள் முழுக்கப் பட்டறைகளில் எடுபிடியாக இருந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்ட நம் தெருப் பெரியவர்.

இந்த இடத்தில் அண்ணலின் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1929இல் பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் போனவர் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகார் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். டோங்காக்காரர்கள் யாரும் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். தங்கள் தலைவர் நடந்து வருவதை அந்த மக்களுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிகிறது. பல நாள் நடமாட முடியவில்லை. ஒரு டோங்காக்காரன்கூட ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை மேலாக நினைத்துக்கொள்ள முடிகிற நாடு என்று படித்து நாம் கோபப்படுகிறோம். சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் டோங்கா ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் என்றும் யோசிக்க வேண்டாமா? தன்மானம் இருந்தது, வாடகைக்குக் காசு இருந்தது, தொழில் மட்டும் கையில் இல்லை.

இனி வேலையைப் பற்றி. முதல் நாள் நாங்கள் ஆர்க் வெல்டிங் ராடை ஜீப் தகரத்தில் வைத்தவுடன் கட்டைவிரல் அளவு ஓட்டை விழுந்தது. ஒரு மில்லி கனத் தகரம் அந்தச் சூட்டைத் தாங்காது. பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு வாரம் கனமான ஆங்கிளில் மட்டும் பழக விட்டார். அப்புறம்தான் வாடகைக்கு எடுத்த சிஓ2 மெஷின். அதிலும் ஒரே கோடாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒன்று. அவசரப்பட்டால் தகரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பின்னால் டாலியை அணைத்து முன்னால் சுத்தியலால் தட்டி மட்டம் எடுப்பது இன்னும் வரவில்லை. வராததைப் பட்டி பூசி மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெரியவர் விடவில்லை. சேஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிப்பார்கள், ஆய்வாளர் முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான்.

பாதுகாப்பை இளைஞர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றாமல், பெட்ரோல் டேங்கை இறக்காமல் பொறி பறக்கவிடாதீர்கள். முகக்கவசம் இல்லாமல் ஆர்க்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கும். துத்தநாகம் பூசிய தகரத்தைப் பத்தவைத்தால் வரும் புகையில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், ஆகாது. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் பற்றிக் கொடைக்கானல்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைக்க 2016 வரை ஆனது. நம் உடம்பு மலிவு என்று நாமே நடந்துகொள்ள வேண்டாம்.

ஜீப் எதற்கு என்றும் கேட்கிறார்கள். வில்பட்டி, பள்ளங்கி பக்கம் கடைசி பஸ் போன பிறகு பிரசவமோ வழக்கோ வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பது நமக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகவே ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வண்டி என்பது இந்த மண்ணில் வெறும் வண்டி அல்ல என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட தம்பி போன ஞாயிறு வந்திருந்தார். பி.ஏ. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் துரு சுரண்டினார். இந்த வாரம் இடது பக்கக் கதவின் அடிப்பாகம். கையுறை ஒரு ஜோடி குறைகிறது, இருக்கிறவர்கள் கொண்டு வரவும்.