குடும்பமாக முதல் பார்பெக்யூ போட்டிக்குப் போகிறீர்களா? தெர்மாமீட்டரை வீட்டுச் சின்னவரிடம் கொடுங்கள்

1/
அமெரிக்காவில் இருக்கும் நம் மக்கள் சிலர் இன்பாக்ஸில் கேட்ட கேள்வி இது..

"டாக்டர்.. எங்க ஊர்ல பார்பெக்யூ போட்டி நடக்குது. குடும்பமா பேர் கொடுக்கலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?"

கொடுங்க. தாராளமா கொடுங்க. ஆனா ஒரே ஒரு நிபந்தனை இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த த்ரெட். போன வருடம் நாங்கள் நாலு பேர் ஒரு அணியாகப் போய், கீழிருந்து மூன்றாவதாக வந்த கதையும் இதில் வரும்.

2/
முதலில் இது என்ன போட்டி என்று பார்த்து விடுவோம்.

பார்பெக்யூ என்றதும் நமக்குக் கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டும் கறிதான் ஞாபகம் வரும். இது அது இல்ல. மூடிய அடுப்பில், 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு வைத்து, விறகுப் புகையில் மணிக்கணக்காக வேக வைப்பது.

மெம்ஃபிஸ் நகரில் 1978 முதலும், கேன்சஸ் சிட்டியில் 1980 முதலும் பெரிய போட்டிகள் நடந்து வருகின்றன. அவற்றைப் பார்த்து இன்று சின்னச் சின்ன ஊர்களில் கூட வார இறுதிப் போட்டிகள் நடக்கின்றன.

3/
பல ஊர்களில் கேன்சஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டியின் விதிகள்தான். நான்கு வகைக் கறி. கோழி, பன்றி விலா, பன்றித் தோள்பட்டை, மாட்டு நெஞ்சுக்கறி.

ஒரு மேசைக்கு ஆறு நடுவர்கள். தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். 9 என்றால் பிரமாதம். 2 என்றால் வாயில் வைக்க முடியாது. மூன்றிலும் சுவைக்குத்தான் எடை அதிகம்.

பெட்டியில் உங்கள் பெயர் இருக்காது. யார் சமைத்தது என்று நடுவருக்குத் தெரியாது.

4/
விதிகளை முழுசாகப் படிங்க. நம்ம வீட்டுச் சமையல் பழக்கம் ரெண்டு இடத்தில் மாட்டும்.

ஒன்று.. கேஸ் அடுப்பு கூடாது. விறகு, கரி, மரத்தூள் உருண்டை மட்டும்தான்.

இரண்டு.. முந்தின நாள் ராத்திரியே வீட்டில் மசாலா தடவி ஊற வைத்துக் கொண்டு போகக் கூடாது. களத்தில் கறியைச் சோதித்து ஓகே சொன்ன பிறகுதான் உப்புகூடத் தொட வேண்டும்.

என் அம்மாவால் இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "ஊறாத கறி என்னடா கறி?" என்று இரண்டு நாள் புலம்பினார். பெட்டியை அலங்கரிக்கக் கொத்தமல்லிக்கு அனுமதி உண்டு என்றதும்தான் கொஞ்சம் சமாதானம் ஆனார்.

5/
"ஏன் டாக்டர்.. நீங்களே இப்படிப் புகையில சுட்ட கறி சாப்பிடலாமா?"

நியாயமான கேள்வி. 2015-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலும், சிவப்பு இறைச்சியை "உண்டாக்க வாய்ப்பு அதிகம்" என்ற பட்டியலிலும் வைத்தது. கறி கருகும்போதும், கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகையும்போதும் தீங்கான வேதிப்பொருட்கள் உருவாகின்றன.

அதனால் இதைத் தினசரிச் சாப்பாடு ஆக்காதீங்க. கருகின பகுதியை வெட்டி எறிங்க. வருஷத்தில் சில நாள் ஆசைக்குச் சாப்பிடுவதைப் பாவம் போலப் பேச எனக்கு விருப்பமில்லை.

6/
சரி.. எங்கள் கதைக்கு வருகிறேன்.

முதல் முறை என்பதால் அமெச்சூர் பிரிவில் பெயர் கொடுத்தோம். கோழியும் பன்றி விலாவும் மட்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுவே போதும். நாலு வகையையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் ராத்திரித் தூக்கம் போச்சு.

நெருப்பு என் மனைவி பொறுப்பு. மசாலா அம்மா. பெட்டி அடுக்குவதும் தலைமையும் நான். தெர்மாமீட்டர் பன்னிரண்டு வயது மகளிடம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து ஒரு விதி போட்டோம். ஒவ்வொரு கோழித் துண்டும் 165 டிகிரி தொட வேண்டும். அவள் "ஓகே" சொல்லாமல் பெட்டி நகரக் கூடாது. விதியைச் சொன்னதே நான்தான். பெருமையாகச் சொன்னேன்.

7/
ஏன் தெர்மாமீட்டர்? கண்ணால் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. புகையில் வெந்த கோழி நன்றாக வெந்த பிறகும் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காரணம், தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி. புகையில் வரும் நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் அதைப் பிடித்துக்கொண்டு சிவப்பு மாறாமல் வைத்துவிடும். அதே நேரம், வெள்ளையாகத் தெரியும் துண்டு உள்ளே வேகாமலும் இருக்கலாம்.

நிறத்தை நம்பாதீங்க. விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீங்க. துண்டின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் ஊசியைக் குத்திப் பாருங்க. கோழிக்கு 165 டிகிரி. செல்சியஸில் 74.

8/
போட்டி நாள். காலை ஐந்தரைக்கு நெருப்பு மூட்டினோம். விலாவை ஏழு மணிக்கு ஏற்றியாச்சு.

கோழிப் பெட்டி கொடுக்க வேண்டிய நேரம் பகல் 12:00. ஐந்து நிமிடம் முன்னால், ஐந்து நிமிடம் பின்னால் மட்டும் சலுகை. 12:05 தாண்டினால் கதை முடிந்தது.

11:50. ஆறு தொடைத் துண்டுகள். ஆறு நடுவர்களுக்கு ஆறு, குறையவே கூடாது. மேலே பூசிய சாஸ் கண்ணாடி மாதிரி மினுங்குது. கீழே கொத்தமல்லி விரிப்பு. போட்டோகூட எடுத்தேன்.

மகள் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தாள். நாலு ஓகே. ஒன்று 161. இன்னொன்று 158.

"அப்பா.. ரெண்டு வரல."

9/
"பரவால்லமா.. வெளியே எடுத்தாலும் உள்ள சூடு ஏறும். அடுக்கு."

"இல்லப்பா. 165 வரல."

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சொன்னதில் அறிவியல் இருந்தது. கிருமி சாக வெப்பம் மட்டுமல்ல, அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் கணக்கு. 158-லேயே ஒரு நிமிடம் போல நின்றிருந்தால் சால்மொனெல்லா செத்திருக்கும். அந்தத் துண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம்.

ஆனால் எவ்வளவு நேரம் நின்றது என்று யாரும் அளக்கவில்லை. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அறிவியல் இல்ல. அந்தப் பெட்டியின் அழகு. மீண்டும் நெருப்பில் வைத்தால் சாஸ் கருகிவிடும்.

நான் கத்தினேன். "இங்க டாக்டர் நானா நீயா?"

10/
பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு அப்பா கத்துவது எந்த மொழியிலும் புரியும்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தெர்மாமீட்டரைக் கீழே வைக்கவில்லை. பெட்டிக்கும் எனக்கும் நடுவில் அப்படியே நின்றாள்.

அம்மா லெட்யூஸ் கழுவிக்கொண்டே சொன்னார். "டேய்.. புள்ள கையில குடுத்துட்டு அப்புறம் ஏன்டா புடுங்குற?"

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இடுக்கியால் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து நேரே கரிக்கு மேலே வைத்துவிட்டார்.

11/
12:02-க்கு மகள் மறுபடி குத்திப் பார்த்தாள். 167, 166. "ஓகே" என்றாள். அழுகைக் குரலில்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். 12:04-க்குக் கொடுத்தேன். இரண்டு துண்டுகளின் ஓரம் கருகியிருந்தது.

மாலையில் மதிப்பெண் தாள் வந்தது. கோழிக்குச் சுவையில் 7, 8. தோற்றத்தில் 5, 6. அம்மாவின் மிளகு சீரகம் நடுவர்களுக்குப் பிடித்திருந்தது. நான் பயந்த தோற்றம்தான் எங்களைக் கவிழ்த்தது.

12/
திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது ஒரு ஆபரேஷன் தியேட்டர்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். வயிற்று அறுவை சிகிச்சை. தையல் போடத் தொடங்கும் நேரத்தில் சிஸ்டர் சொன்னார். "சார்.. கவுன்ட்ல ஒரு கட்டுத்துணி குறையுது." சீனியர் எரிந்து விழுந்தார். "சரியா எண்ணுங்க. எனக்குத் தெரியாதா?" சிஸ்டர் மறுபடி எண்ணினார். மறுபடியும் சொன்னார். "குறையுது சார்."

தேடினார்கள். உள்ளேதான் இருந்தது.

அன்று அந்த மேசையில் நானும் நின்றேன். எனக்கும் சந்தேகம் இருந்தது. வாய் திறக்கவில்லை. சீனியர் முன்னால் எப்படிப் பேசுவது என்ற பயம்.

இருபது வருடம் கழித்து, ஒரு கோழித் துண்டுக்காக அந்த சீனியராக நானே நின்றேன்.

13/
2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு வந்தது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு படி.

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு தடவை வாய் திறந்து பேசியவர், ஆபத்து வரும்போது இன்னொரு தடவை பேசுவது சுலபம்.

நம் வீடுகளில் அந்தப் பட்டியல் கிடையாது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்பதுதான் பட்டியல். சாதாரண நாளில் அதை வைத்து ஓட்டிவிடலாம். நெருப்பும் கத்தியும் கடிகாரமும் சேர்ந்த நாளில் முடியாது.

14/
"எல்லாரும் தலைவர் ஆனா சமையல் உருப்படுமா?"

உருப்படாது. தலைவர் ஒருவர்தான். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, என்ன மசாலா.. எல்லாம் அவர் முடிவு. தோற்றால் பழியும் அவருக்கே.

ஆனால் "நிறுத்து" என்று சொல்லும் ஒரே ஒரு அதிகாரம் அவரிடம் இருக்கக் கூடாது. ஏனென்றால் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அதிகம் இருப்பது அவருக்குத்தான். யாருக்கு அந்த வெறி குறைவோ, யார் எண்ணை எண்ணாகவே வாசிப்பாரோ, அவரிடம் கொடுங்க. பெரும்பாலும் அது வீட்டில் சின்னவராகத்தான் இருக்கும்.

கொடுத்தால் திரும்பப் பிடுங்காதீங்க. இதுதான் முதலில் சொன்ன அந்த நிபந்தனை.

15/
டாக்டராக இன்னும் சில விஷயங்கள்..

✅ பச்சைக் கறி ஐஸ் பெட்டியில் 40 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். வெந்த கறியை 140-க்கு மேலே சூடாக வைங்க. நடுவில் இருப்பது கிருமி பெருகும் எல்லை. அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீங்க. வெயில் 90 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

✅ பச்சைக் கறிக்கு ஒரு பலகை, கத்தி. வெந்த கறிக்கு வேறு பலகை, வேறு கத்தி.

✅ அடுப்பு தேய்க்கும் இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிர்ந்த கம்பி கறியில் ஒட்டித் தொண்டையிலும் குடலிலும் குத்திய நோயாளிகள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

✅ மழை வந்தால் கரி அடுப்பை மூடிய கூடாரத்துக்குள் இழுக்காதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி வருவதற்குள் நேரம் கடந்துவிடலாம்.

✅ சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம்.

✅ சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் அணியில் இருந்தால் அவர்கள் மாத்திரை, சாப்பாட்டு நேரத்துக்கு அலாரம் வைங்க. பரபரப்பில் மறந்துபோகும். என் அம்மா அன்று காலைச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத்தான் சாப்பிட்டார். அதையும் கவனித்தது மகள்தான்.

16/
அன்று ராத்திரி மகளிடம் மன்னிப்பு கேட்டேன். "கத்தினது தப்புமா" என்றேன்.

"கத்தினது பரவால்லப்பா. விதி போட்டது நீங்க. அப்புறம் நீங்களே மாத்தப் பாத்தீங்கல்ல.. அதுதான்" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

17/
இந்த வருடமும் பெயர் கொடுத்திருக்கிறோம். விண்ணப்பத்தில் தலைமைச் சமையல்காரர் என்ற இடத்தில் என் பெயர்தான். தெர்மாமீட்டர் அவளிடம்தான். இந்த முறை அதைப் பேசி முடிவு செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்களும் பெயர் கொடுப்பதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "நாம அவசரத்துல தப்பு பண்ணப் போறோம்னா, நம்மள நிறுத்தப் போறது யாரு?"

பதில் கிடைத்தால் கிளம்புங்க. கோப்பை வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பிள்ளை பெரியவர்கள் முன்னால் நின்று உண்மையைச் சொல்லப் பழகியிருக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த அறையில், எந்த மேசை முன்னால் நின்றாலும் அந்தப் பழக்கம் கூடவே போகும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. பதில் சொல்கிறேன்.