சிலைக்குப் பாதுகாப்பு, ஜனங்களுக்குத் தீ!

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில், சுமிதா நதிக்கரையில் அசகுசா என்ற வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள சென்சோஜி அந்நகரத்தின் மிகப் பழைய பௌத்தக் கோயில். கருணையின் வடிவமாக ஜனங்கள் வணங்கும் கன்னோனின் சிலை அங்கே உள்ளது. வடமொழி நூல்கள் அவலோகிதேசுவரர் என்று சொல்வது இவரைத்தான்.

இந்தச் சிலையைக் கொண்டுவந்தவர் யார்? மன்னரா, மடாதிபதியா? இல்லை. 628-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று நதியில் வலை வீசிய இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் அது சிக்கியது என்பது கோயிலின் வரலாறு. ஹினோகுமா ஹமனாரி, ஹினோகுமா தகெனாரி என்பது அவர்கள் பெயர். ஊர்த் தலைவர் ஹாஜி நோ நகதோமோ தன் வீட்டையே கோயிலாக்கினார். 645-இல் ஷோகாய் என்ற துறவி சிலையை மூடி வைத்தார். அன்றுமுதல் மூலச்சிலை யார் கண்ணுக்கும் காட்டப்படுவதில்லை. அதற்குப் பதிலாகச் செய்த சிலையைத்தான் ஆண்டுக்கு ஒரு நாள், டிசம்பர் 13-இல் ஜனங்கள் பார்க்கிறார்கள்.

ஆக, கோயிலின் மூலவரே உழைப்பாளியின் வலையில் வந்தவர். கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களும் உழைப்பாளிகளே. தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், கூலிகள், சிறு வியாபாரிகள், கூத்தாடிப் பிழைப்பவர்கள். 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அந்த வட்டாரமே எரிந்தபோது கோயில் மட்டும் தப்பியது. 'கன்னோனின் காலடியில் தீ அண்டாது' என்ற நம்பிக்கை ஜனங்களின் மனதில் வேரூன்றியது.

அந்த நம்பிக்கைக்கு என்ன கதி நேர்ந்தது?

1945 மார்ச் 10. நள்ளிரவு தாண்டியதும் சுமார் 280 அமெரிக்க விமானங்கள் வந்தன. அவை 1,600 டன்னுக்கும் அதிகமான தீக்குண்டுகளைக் கொட்டின. குறி எது? ராணுவக் கோட்டையா? இல்லை, நதியின் இரு கரையிலும் நெருக்கியடித்து நின்ற உழைப்பாளிகளின் மர வீடுகள்! அந்த வீடுகளுக்குள் சிறு பட்டறைகள் இருந்தனவாம். ஆகவே அவை போர்த் தொழிற்சாலைகளாம்! என்ன நியாயம் இது? பட்டறை இருந்தால் தொட்டிலும் எரியத்தான் வேண்டுமா? ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 1923-ஐ நினைத்துக் கோயிலை நோக்கி ஓடியவர்களும் தீயில் சிக்கினார்கள். 1649-இல் எழுந்த பெரிய மண்டபம் சாம்பலாயிற்று. அருகிலுள்ள கொதொதொய் பாலத்தில் இரு கரையிலிருந்தும் ஓடிவந்த கூட்டம் நடுவில் மோதி நின்று, நின்ற இடத்திலேயே கருகியது.

மூலச்சிலைக்கு ஒன்றும் நேரவில்லை. முன்கூட்டியே நிலத்தடியில் புதைத்துக் காத்ததாகக் கோயிலார் சொல்கிறார்கள். அதைக் குறை கூற மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: சிலைக்கு நிலவறை வேண்டும் என்று தெரிந்த அதே நாட்டில், ஜனங்களுக்கு ராணுவச் சர்க்கார் என்ன செய்தது?

1941-இல் விமானத் தாக்குதல் தடுப்புச் சட்டத்தை அது திருத்தியது. தடை போட்டால் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 யென் வரை அபராதம். குண்டு விழுந்தால் ஓடக் கூடாது, நின்று அணைக்க வேண்டும். கையில் வாளியும் ஈரத் துடைப்பமும்! வீட்டுத் தரைக்கடியில் குழி தோண்டிப் பதுங்கு என்று உபதேசம் வேறு. மேலே அந்நியன் தீ மூட்டினான். கீழே சொந்தச் சர்க்கார் கதவை அடைத்தது. இதே ராணுவம்தான் 1938 முதல் சீனாவின் சுங்கிங் நகரத்து ஜனங்கள் மீது குண்டு பொழிந்தது. ஆகாயத்திலிருந்து ஜனங்களைக் கொல்லும் தொழிலில் இரு தரப்புக்கும் பேதமில்லை.

போருக்குப் பின்னாவது நீதி கிடைத்ததா? 1952-இல் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உதவிச் சட்டம் வந்தது. 1953-இல் ராணுவ ஓய்வூதியம் மீண்டது. அதுவும் பதவிக்கேற்றபடி: தளபதி வீட்டுக்கு அதிகம், சிப்பாய் வீட்டுக்குக் குறைவு. இந்த வகையில் மொத்தம் 60 லட்சம் கோடி யென் வரை செலவாகியிருக்கிறது. தீயில் கையிழந்த பெண்ணுக்கு? தாய் தகப்பனை இழந்து தெருவில் நின்ற பிள்ளைக்கு? ஒரு யென்னும் இல்லை! ஆனால், அன்று விமானங்களை ஏவிய அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லெமேக்கு 1964-இல் ஜப்பான் சர்க்கார் உயர்ந்த விருது சூட்டியது. விமானப் படையை வளர்க்க உதவினாராம்!

'போரின் துன்பம் எல்லோருக்கும் பொது. எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்பது ஆள்வோர் தரப்பு வாதம். நகோயா நகரத்தார் தொடுத்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றமும் இந்த வழியிலேயே தீர்ப்பளித்தது. 2007-இல் டோக்கியோவில் தப்பிப் பிழைத்தோரும் மாண்டோரின் உறவினரும் 112 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

எல்லோருக்கும் பொதுவென்றால் தளபதிக்கு மட்டும் ஓய்வூதியம் ஏன்? அதே போரில் தோற்ற மேற்கு ஜெர்மனி 1950-இலேயே சிப்பாய், சாதாரண ஜனம் என்று பிரிக்காமல் போரில் ஊனமுற்றோருக்கு உதவிச் சட்டம் செய்ததே! அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பணமில்லை என்று சொல்ல முடியாது. மனமில்லை என்பதே உண்மை.

மாண்டவர்களின் எலும்புகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன தெரியுமா? 1923 பூகம்பத்தில் இறந்தோருக்காக 1930-இல் கட்டிய மண்டபத்தில்! பூமி குலுங்கியது இயற்கை. போர் இயற்கையா? அதைத் தொடங்கியவனுக்கும், நீட்டியவனுக்கும், தீ வைத்தவனுக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, கையெழுத்து உண்டு. பூகம்பத்தோடு சேர்த்து வைத்தால் குற்றவாளி மறைந்துவிடுகிறான்.

சென்சோஜியின் மண்டபம் 1958-இல் கான்கிரீட்டில் மீண்டும் எழுந்தது. 1960-இல் மின்சாதனத் தொழிலதிபர் மத்சுஷிதா கோனொசுகெயின் நன்கொடையால் முன்வாயில் எழுந்தது. அங்கே தொங்கும் பெரிய சிவப்பு விளக்கின் அடியில் அவர் கம்பெனியின் பெயரைக் காணலாம். கோயில் வளாகத்தில் அன்று தீயில் கருகியும் மீண்டும் துளிர்த்த மரம் நிற்கிறது. மரம் துளிர்த்தது, மண்டபம் எழுந்தது. மனிதர்களுக்கான நியாயம் மட்டும், 80 ஆண்டு நிறைந்த 2025 மார்ச் 10 வரை, ஒரு சட்டமாகக்கூட வடிவெடுக்கவில்லை.

அழுகுரல் கேட்டு ஓடிவருபவர் கன்னோன் என்பது ஜப்பானிய ஜனங்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நமக்குச் சண்டையில்லை. அழுகுரலைக் கேட்க வேண்டிய சர்க்கார் காதைப் பொத்திக்கொண்டிருப்பதோடுதான் சண்டை. தப்பிப் பிழைத்தவர்கள் தொண்ணூறை நெருங்குகிறார்கள், தாண்டுகிறார்கள். அவர்கள் கேட்பது பிச்சையல்ல. தவறு நடந்தது என்ற ஒப்புதலும், சிப்பாய்க்குக் கொடுத்ததில் ஒரு பங்கும். உயிரோடு இருக்கும்போதே கொடு! கடைசி ஆளும் கண் மூடட்டும் என்று காத்திருப்பது இரண்டாவது கொலை!