நீ சோம்பேறி இல்லை, தங்கச்சி

போன வாரம் காலை நிகழ்ச்சியில், "உங்களுக்குப் பிடித்த கொரியத் தொடர் எது?" என்று கேட்டேன். வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு தங்கை மட்டும் வேறு மாதிரி பேசினார்.

"அக்கா, அந்தத் தொடர்ல வர்ற ஏழைப் பொண்ணு நான்தான். வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. அப்பா கடன், தம்பி படிப்பு, என் பிடிபிடிஎன். வீட்டுக்கு முன்பணம் மட்டும் சேரவே மாட்டேங்குது. கூட வேலை செய்றவங்களுக்கு அவங்க அப்பா குடுத்துட்டாரு. நான் சோம்பேறியாக்கா?"

ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டேன். பதிலை இன்றுதான் எழுதுகிறேன்.

கொரியர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வசதியான வீட்டில் பிறந்தவர் 'தங்கக் கரண்டி'. ஒன்றுமில்லாத வீட்டில் பிறந்தவர் 'மண் கரண்டி'. 2019இல் வந்த 'பாராசைட்' படத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்த அந்த வீடு நினைவிருக்கிறதா? அங்கே அண்ணனும் தங்கையும் கெட்டிக்காரர்கள்தான். அது மட்டும் போதவில்லை.

நம் கதைக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதி 1952இல் உருவாகத் தொடங்கியது, எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம் இருந்த சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு கிடைக்கும். ஆனால் அது நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோதும், பலருக்கு வேலையும் வீடும் சேர்ந்தே போயின.

என் பாட்டி முப்பது வருடம் பால்மரம் சீவினார். தோட்டத்தை விட்டு வரும்போது கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு அண்டாவும்தான். அதே காலத்தில் பட்டணத்தில் சின்னக் கடைவீடு வாங்கியவரின் பேரன், இன்று அதைக் காட்டி வங்கிக் கடன் எடுக்கிறார். இரண்டு பேரும் உழைத்தார்கள். ஒருவருக்கு நிலத்தின் விலை ஏறியது. என் பாட்டி நின்ற நிலத்துக்கும் விலை ஏறியது, ஆனால் வேறு யாருக்கோ.

நான் மட்டும் எப்படி மைக் முன்னால் வந்தேன்? படித்தேன், உண்மை. கூடவே, என் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு மாமா இருந்தார். அந்தக் கையெழுத்து கிடைக்காத தோழி ஒருத்தி என்னைவிட நன்றாகப் படித்தவள்.

'உழைத்தால் உயரலாம்' என்று நானே எத்தனை முறை வானொலியில் சொல்லியிருக்கிறேன்! இனி பாதியில் நிறுத்த மாட்டேன். எங்கிருந்து ஓடத் தொடங்குகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

தங்கச்சி, நீ சோம்பேறி இல்லை. மற்றவர்கள் தாத்தா காலத்தில் போட்ட அஸ்திவாரத்தை நீ இப்போது ஒற்றை ஆளாகப் போடுகிறாய். உன் தம்பி ஓடத் தொடங்கும் இடம், நீ தொடங்கிய இடமாக இருக்காது.