சாதிக்கு விசா தேவையில்லை

"வெளிநாட்டுக்குப் போயிட்டா அங்க எவன்டா சாதி பாக்கப் போறான்?"

மாட்ரிடுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் இதைச் சொல்லாத ஆளில்லை. கடன் வாங்கித் தந்த பெரியப்பா சொன்னார். கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். இயக்கத் தோழர்கள்கூடச் சொன்னார்கள். நானும் நம்பித்தான் விமானம் ஏறினேன். அந்த நம்பிக்கை ஒன்பது நாள் தாங்கியது.

ஸ்பெயினுக்குப் படிக்க வருகிறவருக்கு முதல் மாதம் படிப்பு என்று எதுவும் கிடையாது, காகிதம்தான். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை வைக்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அது லேசில் கிடைக்காது. அதோடு, இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன் என்று நகராட்சியில் பதிந்த சான்றும் வேண்டும். அதற்கு எம்பாத்ரோனாமியெந்தோ என்று பெயர். வாயில் நுழையவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பதிவுக்கு வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரர் கையெழுத்தோ கேட்பார்கள். ஆக, அறை இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் அட்டை இல்லை. ஒருவனுக்கு அறை மறுக்கப்படுவது இங்கே மனக்கசப்போடு முடிகிற விஷயம் அல்ல.

இந்திய மாணவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். 'அறையைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் தேவை. சுத்த சைவம் மட்டும். நல்ல குடும்பத்துப் பையனாக இருக்க வேண்டும்.' போன் போட்டால் எதிர்முனையில் தமிழ்! ஒன்பது நாள் ஊமையாகத் திரிந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"இனிஷியல் என்ன ப்ரோ?"

"எஸ். அப்பா பேரு சுடலைமுத்து."

"ஓ, திருநெல்வேலி சைடா. திருநெல்வேலில எங்க?"

"டவுன் பக்கம்."

"டவுன்ல எந்தத் தெரு? எங்க சித்தப்பா அங்கதான் இருக்காரு."

எங்கள் ஊர் டவுனிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆனால் நான் பேருந்து சன்னலில் பார்த்த ஒரு தெருவின் பெயரைச் சொன்னேன். ஆம், பொய் சொன்னேன். பெரியார் சிலைக்கு மாலை போட்டவன், மாணவர் கூட்டத்தில் மைக் பிடித்தவன், எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து ஒரு கட்டிலுக்காகத் தெருவை மாற்றிச் சொன்னேன். அந்தத் தெருவில் யார் வீடு என்று அடுத்த கேள்வி வந்தது. உளறினேன். "சொல்றேன் ப்ரோ" என்றார். இரவு, 'ரூம் போயிடுச்சு, சாரி' என்று செய்தி. நான்கு நாள் கழித்து அதே படத்தோடு அதே விளம்பரம் மறுபடி வந்தது.

இதில் சாதி எங்கே வந்தது, அவர்களுக்குச் சைவம் சாப்பிடுகிற ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று சிலர் கிளம்புவார்கள், தெரியும். சைவமா என்று அறிய ஒரே கேள்வி போதும். கறி சாப்பிடுவாயா என்று கேட்டால் முடிந்தது. அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. தெருப் பெயர் எதற்கு? தெருவா சமைக்கப் போகிறது?

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டோம். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பரவலாக நடக்காத காரியம் அது, இன்றும் பெருமைதான். ஆனால் வாலை வெட்டினோமே தவிர ஊரையும் சேரியையும் பிரிக்கிற கோட்டை அழிக்கவில்லை. எனவே பெயரில் தேட முடியாததை அவர்கள் தெருவில் தேடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்று நிறத்தில் தேடுகிறார்கள். 2023இல் நாங்குநேரியில் சக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்கள்தான். அந்த மண்ணில் படித்து வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள், மண்டையைச் சோதிப்பதில்லை.

கடைசியில் அறை கொடுத்தது கராபாஞ்செல் பகுதியில் ஒரு ஸ்பானிய மூதாட்டி. பல்கலைக்கழகக் கடிதத்தைப் பார்த்தார், ஒரு மாத முன்பணம் கேட்டார், சாவியைத் தந்தார். என் அப்பா பெயரைப் பார்த்து அவர் கேட்டதெல்லாம், "இரண்டாவது குடும்பப்பெயர் எங்கே?" என்பதுதான். இங்கே எல்லோருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப்பெயர்கள். எங்களுக்கு ஒன்றுகூட இல்லை, இது அப்பாவின் சொந்தப் பெயர் என்றேன். சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரைக் கேட்டுவிட்டு முகம் மாறாத ஒரு மனுஷி!

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற இன்னொரு கட்டுரையாக இது ஆகியிருக்கும். ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார். "நீ இந்தியன், பரவாயில்லை. ஹிதானோக்களுக்கும் மோரோக்களுக்கும் நான் வீடு கொடுப்பதில்லை." மோரோ என்பது மொராக்கோ முஸ்லிம்களைக் குறிக்கிற வசைச் சொல். ஹிதானோக்கள் என்போர் ஸ்பெயினின் ரோமா மக்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை மொழியியல் நிறுவியிருக்கிறது. 1749 ஜூலையில் இந்த நாட்டு அரசு அவர்களை ஆயிரக்கணக்கில் சுற்றி வளைத்துப் பிடித்து, ஆண்களை ஒருபுறமும் பெண்களை ஒருபுறமும் பிரித்து, ஆண்களைக் கடற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பியது. ஆக, நேற்று வந்த இந்தியனுக்கு அறை உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் கிளம்பிய இந்தியனுக்கு இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு அண்ணலின் நினைவு வந்தது. மேலைநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்கு யாரும் அறை தரவில்லை. பார்சி என்று பெயர் மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். கண்டுபிடித்து, தடியோடு வந்து விரட்டினார்கள். வெளிநாட்டு வாழ்க்கையில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே மறந்துபோயிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் அந்த ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டில் சாதி இல்லை என்கிறோம். 1913இல் அவர் நியூயார்க்கில் இறங்கியபோது தெருப் பெயர் கேட்க அங்கே வாட்ஸப் குழு இல்லை.

இன்னொரு கதை. வகுப்பில் ஒரு ஸ்பானிய நண்பரிடம் சாதி பற்றிச் சொன்னபோது, "எங்களிடமும் காஸ்தா உண்டு" என்று கண்ணடித்தார். அரசியல் மேட்டுக்குடியை இங்கே அப்படித்தான் திட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் சாதியை உலகம் அழைக்கிற சொல்லே இந்தத் தீபகற்பத்தில் பிறந்ததுதான். காஸ்தா என்றால் குலம், இனம். கால்நடைக்கும் அதே சொல். அதைப் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நம் சாதிக்குச் சூட்டினார்கள். ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மாட்ரிடின் மொன்க்ளோவா பக்கம் அமெரிக்க அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. மெக்சிகோவில் மிகேல் கப்ரேரா 1763இல் வரைந்த படங்கள் சில அங்கே தொங்குகின்றன. படத்துக்குப் படம் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு குழந்தை. யாருக்கும் யாருக்கும் பிறந்தால் பிள்ளை என்ன வகை என்று எழுதியிருக்கிறது. மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினால் இப்படித்தான் இருக்கும்.

தொலேதோ நகரில் 1449இல் ஒரு சட்டம் போட்டார்கள். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றாலும் ரத்தம் மாறாதாம். பிறகு இது தேவாலயம், மடம், பல்கலைக்கழக விடுதிக் கல்லூரிகள் என்று பரவியது. சேர வேண்டுமென்றால் பாட்டன் பூட்டன் வரை ரத்தம் சுத்தம் என்று நிரூபிக்க வேண்டும். சொந்த ஊருக்கே ஆளனுப்பிச் சாட்சிகளை விசாரிப்பார்கள். 'டவுன்ல எந்தத் தெரு?' அதேதான். பன்றிக்கறி சாப்பிடாதவன்மேல் மத விசாரணை மன்றத்தின் சந்தேகம் விழும். அங்கே கறி தின்று நிரூபிக்க வேண்டும், நம்மிடம் தின்னாமல் நிரூபிக்க வேண்டும். சமையலறையை மோப்பம் பிடித்துப் பிறப்பைக் கண்டுபிடிக்கிற வேலை ஒன்றுதான். அந்த ரத்தச் சான்றை ஸ்பெயின் சட்டப்படி முழுக்கக் கைவிட 19ஆம் நூற்றாண்டு ஆனது. அவர்கள் தூக்கிப் போட்ட குப்பையை நம் முதுகலை மாணவர்கள் விளம்பரம் போட்டு இறக்குமதி செய்கிறார்கள்.

வாட்ஸப் குழு நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். ஊர், தெரு, குடும்பம் கேட்கிற அறை விளம்பரங்களை நீக்குங்கள் என்றேன். 'இது உதவிக்கான குழு, அரசியல் வேண்டாம்' என்று பதில். ஒரு தெருக்காரனுக்குக் கிடைத்தால் உதவி, கிடைக்காதவன் கேட்டால் அரசியல்! 1978ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு, பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாதவற்றில் முதலாவதாகச் சொல்வது பிறப்பைத்தான். இனமும் பாலினமும் மதமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இங்குள்ள பல்கலைக்கழகங்களின் சமத்துவ அலுவலகங்களுக்கு இதைக் காட்டி, சாதியையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லி நாம் மனுக் கொடுக்க முடியும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சேர்த்தது, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் அது மாணவர்கள் விடாமல் கேட்டதால் நடந்தது.

ஆனால் கேட்பதற்கு நம் ஆட்கள் வந்து சேர வேண்டுமே. பட்டியல் சாதியினர் உள்ளிட்ட மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு மொத்தம் 125 பேருக்குத்தான். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று விதி போட்டார்கள். வெளிநாட்டுக்குப் போ, ஆனால் சாதியைப் பற்றி ஆராயாதே என்பதுதான் அதன் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா என்னைக் கூப்பிட்டார். பக்கத்து அறை காலியாகிறது, உங்கள் மாணவர் குழுவில் விளம்பரம் போடு என்றார். யாருக்குக் கொடுக்க மாட்டார் என்கிற வரியையும் சேர்க்கச் சொன்னார். விளம்பரம் எழுதுகிறேன், அந்த வரியை எழுத மாட்டேன் என்றேன். என் அரைகுறை ஸ்பானிஷில் காரணத்தையும் சொன்னேன், என் ஊரின் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்து. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கப் போகும்போது தெரியும்.