பம்புசெட்டுக்கும் ஆண்டுப் பரிசோதனை தேவை

கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டர் பெட்டியில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது. வீட்டில் சொன்னால், "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு" என்பார்கள். பொத்தானை அமுக்குவதற்கென்றே ஒரு காய்ந்த குச்சி கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் தோட்டங்களும் உண்டு. மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் வைத்தியரைத் தேடி ஓடும் விவசாயி, மோட்டார் இழுப்பதை மட்டும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார். அந்தக் குச்சி வீட்டுக்காரருக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்கோ, விடுமுறையில் கிணற்றடிக்கு வந்த பேரப்பிள்ளைக்கோ தெரியாது.

பம்புசெட்டுக்கு முறையான பரிசோதனை நடப்பது பெரும்பாலும் ஒரே நாள்தான். அது இணைப்புக் கொடுக்கும் நாள். ஒயரிங் செய்தவரின் சான்று, மின்வாரியத்தின் சோதனை எல்லாம் அன்றோடு சரி. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, இணைப்புப் பெற்ற மின் அமைப்பை ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளும் அதே ஐந்தாண்டுக் கணக்கைத்தான் வைத்தன. தொழிற்சாலையில் இதைக் கேட்க ஆள் உண்டு. தோட்டத்தில் யார் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமாயிற்று. நன்மையான ஏற்பாடுதான், அதில் மறுப்பில்லை. ஆனால் மீட்டர் இல்லாத இணைப்பில் கணக்கெடுக்க வரும் ஆளும் இல்லை. ப்யூஸ் போனால் அல்லது டிரான்ஸ்பார்மர் எரிந்தால் ஒழிய அந்தக் கொட்டகையை வெளியார் ஒருவர் எட்டிப் பார்ப்பதேயில்லை.

"ப்யூஸ் இருக்கிறதே, எர்த் கம்பியும் இருக்கிறதே" என்பது பலருடைய நம்பிக்கை. இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறக்குறைய 7 ஆம்பியர் எடுக்கும். ஆகவே 15 ஆம்பியர் அளவில் ப்யூஸ் கம்பி போட்டிருப்பார்கள். காயிலில் பழுது ஏற்பட்டு மோட்டாரின் உடலுக்கு மின்சாரம் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். எர்த் குழி காய்ந்து, அதன் மின்தடை 50 ஓம் ஆகியிருந்தால், 230 வோல்ட்டில் அதன் வழியாக நிலத்துக்குப் போவது 5 ஆம்பியருக்கும் குறைவுதான். ப்யூஸ் போகாது. மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் உடலிலும், அதோடு சேர்ந்த இரும்புக் குழாயிலும் ஏறக்குறைய 200 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஈரக்காலோடு மனிதன் தொட்டால், உடல் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அது ப்யூஸ் தாங்கும் அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ப்யூஸ் மோட்டாருக்கும் ஒயருக்கும் காவலே தவிர மனிதனுக்குக் காவல் அன்று.

மனிதனுக்குக் காவல் மின்கசிவுத் தடுப்பான். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் இது இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதே உயிர்காக்க ஏற்றது. ஒரு முறை காயில் கட்டும் செலவை இதன் விலை தாண்டாது. இருந்தும், வாங்கி மாட்டியவர்களே கழற்றி எறிந்த கதைகள் உண்டு. "அடிக்கடி விழுகிறது, தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை" என்பதே காரணம். ஏன் விழுகிறது என்று பார்ப்பதில்லை. கொட்டகை விளக்குக்கு ஒரு முனையை ஃபேஸிலும் மறு முனையை எர்த் கம்பியிலும் கொடுத்திருப்பார்கள். 40 வாட் பல்பு ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் எடுக்கும். தடுப்பான் விழாமல் என்ன செய்யும்? அந்த எர்த் கம்பி எங்காவது அறுந்துவிட்டால், பல்பு வழியாக வரும் மின்சாரம் நேரே மோட்டார் உடலில் ஏறி நிற்கும். இதைவிடக் கேடான வழக்கம் வேறில்லை. நீர்மூழ்கி மோட்டாராக இருந்தால் போர்க் குழாய்க்குள் இருக்கும் கேபிள் இணைப்பில் ஈரம் ஏறியிருக்கலாம். அதைச் சரி செய்த பிறகும் காரணமின்றி விழுந்தால், மோட்டாருக்கு மட்டும் 100 மில்லி ஆம்பியர் தடுப்பானும், விளக்குக்கும் பிளக்குக்கும் தனியாக 30 மில்லி ஆம்பியர் தடுப்பானும் வைத்துக்கொள்ளலாம். தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தான் தடுப்பானைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது.

ஆகையால் கருவி வைத்துச் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்க வழியில்லை. ஐந்தாண்டு இடைவெளி தோட்டத்துக்குப் போதாது. எலியும் அணிலும் ஒயரைக் கடிக்கும். உரமூட்டையை மோட்டார் கொட்டகையிலேயே அடுக்கி வைப்பதால் எர்த் கம்பியும் நட்டும் துருவேறும். ஆண்டுக்கு இரண்டு வேலை செய்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, இணைப்பைத் துண்டித்துவிட்டு 500 வோல்ட் மெக்கரால் மோட்டார் காயிலையும் ஒயரையும் அளக்க வேண்டும். ஒரு மெக்ஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது. சித்திரை, வைகாசியில் எர்த் மின்தடையை அளக்க வேண்டும். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடலிலிருந்து தனித்தனியே இரண்டு எர்த் கம்பிகள் போக வேண்டும் என்பது விதி. ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கலாம்; அதற்குக் கருவி தேவையில்லை.

இதையெல்லாம் விவசாயியின் தலையிலேயே கட்டிவிடுவதும் நியாயமன்று. மெக்கரும் எர்த் அளக்கும் கருவியும் கிராமத்துக் கம்பியாளர் பலரிடம் இல்லை. மண் பரிசோதனைக்கு நடமாடும் ஆய்வுக்கூடம் ஊர் ஊராக வருகிறது. சாம்பல் சத்துக் குறைந்தால் மகசூல் குறையும். எர்த் குறைந்தால் ஆளே போய்விடுவார். அப்படியிருக்க, வட்டாரத்துக்கு ஒரு சோதனைக் குழுவை மின்வாரியம் அனுப்பக்கூடாதா? மானியத்தில் மோட்டார் கொடுக்கும்போது தடுப்பானையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். சோதனையில் குறை கண்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்ற பயம் விவசாயிகளிடம் இருக்கிறது. எனவே குறையைச் சரிசெய்ய அவகாசம் தருவதாக முதலிலேயே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழு வருகிற அன்று கொட்டகை பூட்டியிருக்கும்.

அதுவரை பக்கத்துத் தோட்டத்துக்காரர் பத்துப் பேர் சேர்ந்து, கருவி வைத்திருக்கும் உரிமம் பெற்ற கம்பியாளர் ஒருவரை ஒரே நாளில் வரவழைத்துப் பார்க்கலாம். ஆளுக்குச் சிறு தொகைதான் விழும். அளப்பதற்கு முன்னால் எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது சிலரிடம் வழக்கம். ஊற்றினால் அளவு நன்றாகத்தான் காட்டும். காய்ந்த குழியை முதலில் அளந்து, அந்த எண்ணைக் கொட்டகைக் கதவின் உட்புறம் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.