மேல் நட்டை முதலில் இளக்குங்கள்

கடனுக்கு வாங்கிய பழைய பிக்கப்பில் மரக்கறி ஏற்றித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். பின்சில்லுகளுக்கு நடுவிலுள்ள டிப்ரென்சலின் ஒயிலை முதன்முதல் வீட்டில் மாற்றியபோது, அவசரப்பட்டு அடி நட்டைக் கழற்றிவிட்டேன். ஒயில் முழுவதும் வடிந்தது. புதிது ஊற்றும் மேல் நட்டோ துருவேறி அசையவில்லை. ஒயிலின்றி ஓட்டினால் பற்சில்லுகள் அரைபட்டுப் போகும். இரண்டு நாள் ஹயர் போனது. கடன் தவணை நிற்குமா?

இப்போது மேல் நட்டு இளகிய பிறகே அடி நட்டில் கை வைப்பேன், சகோதரிகளே. சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, கையேட்டில் சொன்ன கியர் ஒயிலை மேல் துளையால் வழியத் தொடங்கும்வரை ஊற்றுவேன். அடி நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. இரும்புத் துண்டு கண்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.