பாட்டு மட்டும் வேண்டும், பாடுகிறவள் வேண்டாமா?

கோபர்கைரனேயில் நான் குடியிருக்கும் கட்டிடத்தில் காலை 5 மணிக்கெல்லாம் சுப்ரபாதம் கேட்கும். கீழ்த்தளத்துப் பெரியவர் வீட்டில் இருந்து வருகிறது. நெல்லைச் சீமையில் இருந்து 40 ஆண்டுகளுக்கு முன்பு தாராவிக்கு வந்து, பாடுபட்டு, பிறகு இங்கே வீடு வாங்கியவர். எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மையாரின் குரலைக் கேட்காமல் காபி டம்ளரைத் தொடமாட்டார்.

அதே பெரியவர் சென்ற மாதம் ஒரு சொல் சொன்னார். அதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

யாரைச் சொன்னார்? எங்கள் எதிர் வரிசையில் இருக்கும் ஒரு மாத்தாடித் தொழிலாளியின் மகளை. அப்பா வாஷி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். கணபதி பந்தலில் அவள் பாடினால், மராட்டியர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். செம்பூரில் இருந்து ஓர் இசைக்குழுவினர் வந்து, "எங்களோடு மேடையில் பாட வருகிறாயா? பக்திப் பாடல் ஒலிப்பதிவும் இருக்கிறது, சம்பளம் தருகிறோம்" என்று கேட்டிருக்கிறார்கள்.

அதற்குத்தான் அந்தச் சொல். பெண்ணின் காதில் விழும்படியே சொன்னார். அன்றோடு அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்கு இவளை யார் கட்டுவான்னு கேக்காவ. நான் என்ன செய்யட்டும்?" என்று அந்தத் தகப்பன் என்னிடம் வந்து நின்றார். மெட்ரிக் படித்துவிட்டு ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறவன் நான். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் இந்தப் பத்திரிகையை நாள் தவறாமல் படிப்பவர்.

பெரியவரே, காலையில் உங்கள் வீட்டில் ஒலிக்கிற குரல் யாருடையது?

1916-ம் ஆண்டு மதுரையில் பிறந்தவர் சுப்புலட்சுமி. தாயார் வீணை சண்முகவடிவு. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தலைமுறை தலைமுறையாக இசையும் நடனமும் வளர்த்த தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. 10 வயதில், தாயார் வீணை வாசிக்க, சுப்புலட்சுமி முதல் இசைத்தட்டில் பாடினார். சுப்ரபாதம் தட்டாக வந்தது 1963-ல். அவருக்குப் பாரத ரத்னா 1998-ல். நீங்கள் சொன்ன சொல்லை அந்தச் சிறுமியின் காதில் யாராவது போட்டு அவர் வாய் மூடியிருந்தால், உங்கள் வீட்டில் இன்று எந்தச் சுப்ரபாதம்?

அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தேவரடியார் என்ற மரியாதைப் பெயர் தேய்ந்து வசையானதுதான் அது. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழன், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை அங்கே குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். யார் எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்பது வரை கல்வெட்டில் பெயரோடு இருக்கிறது. ரெயில்வே குவார்ட்டர்சுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் என்னைப் போன்றவன் பொறாமைப்பட வேண்டிய சங்கதி!

குழாய்க்குள் பாடியவர்கள்

1902-ல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். அன்று மைக் கிடையாது. ஒரு பெரிய குழாய்க்குள் தலையைக் கொடுத்தாற்போல் நின்று, உரக்கப் பாட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். பெரிய பெரிய வித்துவான்கள் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்று பயம். கண்ட இடத்தில் கண்டவன் தட்டைப் போட்டுக் கேட்பானே என்று கூச்சம்.

துணிந்து முன்வந்தவர்களில் கவுஹர் ஜான் முதல் வரிசை. தாயும் மகளும் சபைகளில் ஆடிப்பாடிப் பிழைத்தவர்கள். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் தானே சொல்லுவார். தட்டு ஜெர்மனியில் தயாரானது. பாடியது யார் என்று அங்கே இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே! தெற்கே கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று வரிசையாக வந்தவர்களும் இந்த மரபுப் பெண்களே. எவர்களை வீட்டு வாசற்படி ஏறவிடமாட்டோம் என்றார்களோ, அவர்களுடைய குரல் தட்டில் ஏறி நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது.

இதில் நாகரத்தினம்மாள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1878-ல் மைசூர் சீமை நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தகப்பன் கைவிட்டார். தாயார் புட்டலட்சுமி பாடுபட்டுப் படிக்க வைத்தார். சென்னைக்கு வந்து, பாடியே வீடும் நகையும் சேர்த்தார். தஞ்சை அரண்மனைக் கவிஞரான முத்துப்பழனி என்ற பெண் எழுதிய தெலுங்குக் காவியம் ஒன்றை 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. ஆண் எழுதினால் சிருங்காரம், பெண் எழுதினால் ஆபாசமா என்று சண்டை பிடித்தார் அம்மையார். விடுதலைக்குப் பிறகுதான் அந்தப் புத்தகம் மறுபடி அச்சேறியது.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடப்பதாகத் தெரிந்ததும், சேர்த்ததை எல்லாம் செலவழித்து நிலம் வாங்கிக் கோவில் எழுப்பினார். 1925-ல் குடமுழுக்கு. ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள் ஆண் வித்துவான்கள். கட்டியவருக்கே இடம் இல்லை!

அம்மையார் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறம் உட்கார்ந்து தனிக் கச்சேரியே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் பாடினார்கள். 1952-ல் அவர் காலமானார். இன்றும் திருவையாற்றில், தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி அம்மையாரின் சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. ஜப்பானில் கெய்ஷா என்பார்கள். விருந்துகளில் ஆடிப்பாடும் பெண்கள். அவர்களில் இச்சிமாரு, கட்சுதாரோ போன்றவர்கள் 1930-களில் விக்டர் கம்பெனித் தட்டுகளில் பாடி நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். நம் எச்.எம்.வி. தட்டில் உட்கார்ந்திருக்குமே ஒரு நாய், அதே நாய்தான் அங்கேயும். நம் மும்பையில் வாழ்ந்த கேசர்பாய் கேர்க்கரும் கோவாவின் கலாவந்த் மரபுதான். 1977-ல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களில் அவருடைய பாட்டு ஒன்று ஏறிப் போனது. இப்போது சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் காலம் திரும்ப வேண்டாம்

பழைய ஏற்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டி, பணக்காரனின் தயவில் வாழவிட்ட கொடுமை ஒழிந்தே தீர வேண்டியது. அதை ஒழிக்கப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அந்தக் குடும்பங்களின் வேதனையைக் கிட்ட இருந்து அறிந்தவர்கள். பம்பாய் மாகாணத்தில் 1934-லும், சென்னை மாகாணத்தில் 1947-லும் சட்டம் வந்தது. கொடுமையைத்தான் சட்டம் ஒழித்தது. வசைச்சொல்லை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டு, பாட வாய் திறக்கிற பெண் மீதெல்லாம் எறிகிறோம்.

தகப்பனார் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. அத்தனை தட்டுப் பாடிய கவுஹர் ஜான், வழக்கு வியாஜ்யங்களில் பணத்தை இழந்து, 1930-ல் மைசூரில் வசதி குறைந்த நிலையில் கண்மூடினார். ஆகவே சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், ராத்திரி நிகழ்ச்சி முடிந்தால் வீடு கொண்டுவந்து விடுவது யார், ஒலிப்பதிவு விற்றால் பங்கு உண்டா என்பதை எல்லாம் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். பணம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். முதல் சில நிகழ்ச்சிகளுக்கு அப்பாவோ அம்மாவோ கூடப் போகட்டும். கடைசி ரெயில் எத்தனை மணிக்கு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இசைக்குழுவினரின் ஒப்பந்தத் தாளோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் திருத்தம் கேட்கச் சொன்னேன்.

"சரி அண்ணாச்சி, நான் எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று பேனாவை எடுத்தார்.

"பெண்ணுக்கு 19 வயசு ஆகிவிட்டது. நீங்கள் போட வேண்டாம், அவள்தான் போடணும்" என்றேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மகளைக் கூப்பிட எழுந்து போனார்.